ஓசி மியூசியமும் எங்க அம்மாவும்

அம்மா லண்டன் வந்து இறங்குன மூணாவது நாளே பவுண்ட ரூபாயா மாத்தி கணக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. கடையில ஒரு காபி வெல கேப்பாங்க, அத நூத்திச்சொச்சத்தால பெருக்குவாங்க, அப்புறம் "வேணாம், வீட்ல போயி போட்டுக்கலாம்". பஸ்ல ஏறி நான் கார்ட தட்டுனா "இப்ப எவ்ளோ போச்சு"ன்னு காதுல ஒரு கேள்வி. இதுல நான் ஆர்வக்கோளாறுல டவர் ஆஃப் லண்டன் போலாம்மா, கோஹினூர் வைரம் அங்கதான் இருக்குன்னு சொல்லிட்டேன், டிக்கெட் எவ்ளோன்னாங்க, ஆளுக்கு முப்பது பவுண்டுக்கு மேல ஆகும்னேன், அவ்ளோதான். "நம்ம ஊர்லேர்ந்து போன வைரத்த நம்மகிட்டயே காசு வாங்கிட்டு காட்டுவானா, நான் வரல போ"ன்னு டிவி ரிமோட்ட எடுத்துட்டாங்க.

ரெண்டு மாசம் இருக்கப்போறாங்க, ரிமோட்டோடயே விட முடியுமா. என் சம்பளத்துல பாதி வாடகைக்கே போகுது, அதனால எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதிதான்னு வெச்சுக்கோங்க. சரி, ஓசில பாக்கற இடமாவே போவோம்மா, இந்த ஊர்ல பெரிய மியூசியம் முக்காவாசி ஓசிதான்னேன். நம்பல. ஓசின்னா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு அவங்க முடிவு.

இங்க என் கதைய கொஞ்சம் சொல்லிடறேன். நான் படிக்க வந்த மொத வருஷம், கையில காசே இல்லாத காலம், பிரிட்டிஷ் மியூசியம் ஓசின்னு தெரிஞ்சதும் ஒரு சனிக்கிழம காலைல பத்து மணிக்கு உள்ள போனவ சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்களா தொரத்துற வரைக்கும் வெளிய வரல. ரொசெட்டா கல்லு, மம்மி, அசிரியா சிங்கம், கிரீஸ், சீனா, கடிகாரம், காசு, எல்லா ரூமும் பாத்துடணும்னு வெறி. மம்மி ரூமுக்கு வரும்போது கால் வீங்கிடுச்சு, எந்த ராஜா எந்த பெட்டில இருக்கான்னு படிக்கக்கூட தெம்பு இல்ல. பழைய மெட்ராஸ்காரங்க எழும்பூர் மியூசியத்த செத்த காலேஜும்பாங்க, மிருகக்காட்சி சாலைய உயிர் காலேஜும்பாங்க, அன்னைக்கு நான் உள்ள உயிர் காலேஜா போயி செத்த காலேஜா வெளிய வந்தேன். ராத்திரி ரூம்ல படுத்து யோசிச்சா ஒரு பொருள்கூட உருப்படியா ஞாபகம் இல்ல. டிக்கெட்டே வாங்கல, ஆனா டிக்கெட் காச வசூல் பண்றவ மாதிரி சுத்தியிருக்கேன்.

இன்னொரு தடவ ஊர்லேர்ந்து திரும்பி வந்த அன்னைக்கு, ரூம் சாவி சாயங்காலம்தான் கிடைக்கும்னுட்டாங்க, சரி அதுவரைக்கும் ஏதாவது மியூசியத்துல உக்காந்துக்கலாம்னு சக்கரம் வெச்ச பெரிய பெட்டியோட ஒரு இடத்துக்கு போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. பெரிய லக்கேஜ் உள்ள எடுத்துட்டு போகவும் கூடாது, அவங்ககிட்ட குடுத்துட்டு போகவும் முடியாது. மழை வேற. எதிர்த்தாப்புல ஒரு கடை கூரைக்கு கீழ பெட்டி மேல உக்காந்து, அந்த ஓசி மியூசியத்த வெளியிலேர்ந்தே ரெண்டு மணி நேரம் பாத்தேன். சோ, ஏர்போர்ட்ல இருந்து நேரா போற ஐடியா யாருக்காவது இருந்தா விட்டுடுங்க, சின்ன பையோட போனா செக்யூரிட்டி லைன்லயும் சீக்கிரம் நகரலாம்.

இப்ப அம்மா. அம்மா வணிகவரி ஆபீஸ்ல முப்பது வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவங்க. அதனால அவங்களுக்கு முதல் சந்தேகம் சிலை, ஓவியம் பத்தி இல்ல. இவ்ளோ பெரிய கட்டடம், இவ்ளோ ஸ்டாஃப், கரண்ட் பில்லு, ஓசின்னா எவன் குடுக்கறான்? பஸ்ல போகும்போதே விசாரணை ஆரம்பிச்சுடுச்சு.

எனக்கு தெரிஞ்சத சொன்னேன். பிரிட்டிஷ் மியூசியம் 1753ல பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, 1759ல தொறந்தாங்க, அப்பவே ஓசிதான், ஆனா சும்மா போயிட முடியாது, முன்னாடியே எழுதி குடுத்து அனுமதிச்சீட்டுக்கு காத்திருக்கணும், உள்ள விட்டாலும் சின்ன கூட்டமா சேத்து வேக வேகமா ஓட்டிட்டு போயி வெளிய விட்டுடுவாங்களாம். நடுவுல 1974ல அரசாங்க மியூசியத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டாங்க, மூணு மாசம்கூட தாங்கல, ஆட்சி மாறுச்சு, தூக்கிட்டாங்க. அப்புறம் எண்பதுகள்ல நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் 1987ல, சயின்ஸ் மியூசியம் 1988லன்னு காசு வாங்க ஆரம்பிச்சாங்க. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி மாதிரி சிலது மட்டும் மாட்டேன்னு ஓசியாவே நின்னுச்சு. 1999ல பசங்களுக்கு ஓசி, 2000ல அறுபது தாண்டுனவங்களுக்கு, 2001 டிசம்பர்ல எல்லாருக்குமே ஓசின்னு ஆச்சு.

"ஏன் ஒரேடியா பண்ணல, ஏதோ சிக்கல் இருந்திருக்கணுமே"ன்னாங்க. இருந்துச்சு, அது அவங்க சப்ஜெக்ட்டேதான்! டிக்கெட் விக்கற மியூசியம் வியாபாரம் பண்றதா கணக்கு, அதனால கூரைய ரிப்பேர் பண்றதுக்கு, புது கட்டடத்துக்குன்னு கட்டற வாட் வரிய திரும்ப வாங்கிக்கலாம். ஓசில விடற மியூசியம் எதையும் விக்கலையே, அப்ப கட்டுன வரி கட்டுனதுதான். நான் இத பாதி சொல்லும்போதே அம்மா பிடிச்சிட்டாங்க, "இன்புட் கிரெடிட் கிடைக்காது. அவுட்புட்டே இல்லன்னா எப்படி குடுப்பான்". அதேதான், காசு வாங்கற மியூசியம் ஓசிக்கு மாறுனா டிக்கெட் காசும் போச்சு, வரி பணமும் போச்சு. 2001ல அந்த வரி சட்டத்த திருத்தி, ஓசில விடற தேசிய மியூசியங்களுக்கும் வாட்ட திருப்பி குடுக்க வழி பண்ணாங்க, அப்புறம்தான் கதவு முழுசா தொறந்துச்சு. பஸ்ஸு ஹோல்போர்ன் வர்றதுக்குள்ள அம்மா முகத்துல இருந்த சந்தேகம் போயி, ஃபைல் கிளியர் ஆன திருப்தி.

பிரிட்டிஷ் மியூசியத்துல நான் பழைய தப்ப பண்ணக்கூடாதுன்னு நேரா 33ஆம் ரூமுக்கு கூட்டிட்டு போயிட்டேன். சோழர் காலத்து நடராஜர் அங்க இருக்காரு. அம்மா கும்பிடுவாங்க, கண் கலங்குவாங்கன்னு ஏதேதோ எதிர்பாத்து போன எடுத்து ரெடியா வெச்சிருந்தேன், ஒண்ணும் நடக்கல. கைய கட்டிட்டு கிட்ட போயி குனிஞ்சு பாத்தாங்க. சுத்தி வந்தாங்க. மறுபடி குனிஞ்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு சொன்னாங்க, "அறுவது வருஷமா கோயில்ல பாக்கறேன்டி, பட்டும் பூவும் சாத்தி மூஞ்சி மட்டும்தான தெரியும். இடுப்புல என்ன கட்டியிருக்காரு, கால்ல என்ன போட்டிருக்காரு, விரலு எப்படி மடங்குதுன்னு இப்பதான் பாக்கறேன்." எனக்கு அது தோணவே இல்ல. நானும் அப்பதான் கால் விரல பாத்தேன்.

அப்புறம் பக்கத்துல 33ஏ, ஆந்திரால இருக்கற அமராவதி பௌத்த ஸ்தூபத்தோட சிற்பங்க, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வரிசையா சுவர் முழுக்க நிக்குது. 1845ல மெட்ராஸ் சர்வீஸ்ல இருந்த வால்டர் எலியட்டுங்கற அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராசுக்கு கொண்டு வந்தாரு, அங்க கொஞ்ச வருஷம் கேக்க ஆளில்லாம கிடந்து 1859ல கப்பல்ல லண்டனுக்கு அனுப்பிட்டாங்க. அமராவதி சிற்பத்துல இன்னொரு பெரிய பங்கு எழும்பூர்ல இருக்கு. அம்மா சின்ன வயசுல ஸ்கூல் டூர்ல எழும்பூர் போனப்ப அத பாத்திருக்காங்க, அதாவது அத தாண்டி திமிங்கல எலும்புக்கு ஓடியிருக்காங்க.

பத்தூர் நடராஜர் கதைய அங்க வெச்சுதான் சொன்னேன், அம்மாவுக்கு ஊரு கும்பகோணம் பக்கம், அதனால பத்தூர்னதும் காது நிமிந்துடுச்சு. 1976ல அங்க ஒரு கூலித்தொழிலாளி மண்ண தோண்டும்போது கிடைச்ச சிலை, கை மாறி கை மாறி லண்டன் வந்து 1982ல ஒரு கனடா கம்பெனிக்கு வித்தாச்சு. அந்த கம்பெனி சிலைய சரி பண்றதுக்காக இதே பிரிட்டிஷ் மியூசியத்துல குடுத்து வெச்சிருக்கும்போதுதான் லண்டன் போலீஸ் வந்து எடுத்துட்டு போனாங்க. கேஸ் நடந்துச்சு, பத்தூர் கோயிலும் ஒரு கட்சியா கோர்ட்ல நின்னுச்சு, இடிஞ்சு கிடந்த கோயிலுக்கு சட்டப்படி வழக்காட உரிமை உண்டான்னு வெள்ளக்கார ஜட்ஜுங்க மண்டைய ஒடச்சுகிட்டு, கடைசில 1991ல அப்பீல்லயும் கோயில் பக்கம்தான் தீர்ப்பு. நடராஜர் ஊர் திரும்பிட்டாரு. அம்மா 33ஆம் ரூம் நடராஜர திரும்பி ஒரு தடவ பாத்துட்டு "அப்ப இவருக்கு யாரும் கேஸ் போடலயா"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அவ்ளோதான், கிளம்பலாம்னாங்க. மணிய பாத்தேன், உள்ள வந்து நாப்பது நிமிஷம். எனக்கு மனசு கேக்கல, ரொசெட்டா கல்லு கீழதாம்மா இருக்கு, ரெண்டு நிமிஷம்னேன். "நாளைக்கு வந்தா தூக்கிட்டு போயிடுவானா? ஓசிதான, இன்னொரு நாள் வருவோம்."

நான் இத்தன வருஷமா இந்த ஊர்ல இருந்தும் எனக்கு இது உறைக்கல பாருங்க. ஓசின்னா காசு மிச்சம்னு மட்டும்தான் நெனச்சிருந்தேன். ஓசின்னா பாதில எழுந்து வரலாம். டிக்கெட் வாங்குன சினிமா மொக்கையா இருந்தாலும் இன்டர்வெல்ல எழுந்து வர மனசு வராதுல்ல, ஆனா டிவில சும்மா ஓடற படத்த பத்து நிமிஷம் பாத்துட்டு போறதுக்கு யார கேக்கணும். அதுக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம் வந்துடுச்சு: ஒரு நாளைக்கு ஒண்ணு, அதிகபட்சம் ரெண்டு பொருள், அரை மணியிலேர்ந்து முக்கா மணி, அப்புறம் வெளிய பெஞ்சுல உக்காந்து கட்டிட்டு வந்த புளிசாதம்.

நேஷனல் கேலரில ஒரு விஷயம் படிச்சேன், அதுவும் இதுக்கு பொருத்தமா இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல குண்டு விழும்னு படங்க எல்லாத்தையும் லண்டனுக்கு வெளிய அனுப்பி, கடைசில வேல்ஸ்ல ஒரு மலைக்குள்ள இருக்கற ஸ்லேட் கல் குவாரில கொண்டு போயி வெச்சுட்டாங்க. காலி சுவரு மட்டும் இருக்கு. ஜனங்க ஒரு படமாவது காட்டுங்கன்னு கேக்கவும், 1942லேர்ந்து மாசம் ஒரே ஒரு படத்த மட்டும் குவாரிலேர்ந்து எடுத்துட்டு வந்து மாட்டுனாங்க. மொத்த கட்டடத்துக்கும் ஒரே படம், அத பாக்க குண்டு விழற ஊர்ல ஆளுங்க வந்து நின்னுருக்காங்க. இப்ப ரெண்டாயிரத்துக்கும் மேல படம் இருக்கு, வான்கோவோட சூரியகாந்தி முன்னாடி பத்து வரிசைக்கு ஆளுங்க போன தூக்கிட்டு நிக்கறாங்க. அம்மா அந்த கூட்டத்த பாத்துட்டு "திருப்பதில ஜருகு ஜருகும்பானே அவன் ஒருத்தன்தான் இங்க இல்ல"ன்னு சொல்லிட்டு வேற ஒரு ரூம்ல யாருமே பாக்காத ஒரு சமையக்கட்டு படத்துக்கு முன்னாடி உக்காந்துட்டாங்க. மீனு, பூண்டு, முட்டை, உரல் இடிக்கற பொண்ணு. அந்த பொண்ணு மூஞ்சில இருக்கற கடுப்பு அம்மாவுக்கு ரொம்ப பிடிச்சுது. அப்புறம் தேடி பாத்தா அது வெலாஸ்கெஸ்னு ஸ்பெயின்ல ரொம்ப பெரிய ஆளு வரஞ்சதாம்.

சவுத் கென்சிங்டன் பக்கம் நேச்சுரல் ஹிஸ்டரி, சயின்ஸ், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (சுருக்கமா வி அண்ட் ஏ)னு மூணு மியூசியமும் ஒட்டி ஒட்டி இருக்கு, ஸ்டேஷன்லேர்ந்து மண்ணுக்கடில சுரங்கப்பாதை வழியாவே போயிடலாம், மழைல நனைய வேணாம். இங்க மட்டும் ஒண்ணு சொல்லணும், ஸ்கூல் லீவு நாள்ல நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் பக்கம் போகவே போகாதீங்க, ஸ்ட்ராலர் டிராஃபிக் ஜாம். நாங்க தெரியாம போயி மாட்டுனோம். ஓசியா இருந்தாலும் வெப்சைட்ல முன்னாடியே டைம் போட்டு புக் பண்ணிட்டு போனா லைன் கொஞ்சம் பரவால்ல, இல்ல முன்வாசல விட்டுட்டு எக்ஸிபிஷன் ரோடு பக்க வாசல்ல பாக்கலாம். உள்ள நுழைஞ்சா நடு ஹால்ல தலைக்கு மேல நீலத்திமிங்கலத்தோட எலும்புக்கூடு, 25 மீட்டர், பாய்ஞ்சு இறங்கற மாதிரி தொங்க விட்டுருக்காங்க. 1891ல அயர்லாந்து கரையில ஒதுங்குனது, 2017லதான் நடு ஹாலுக்கு கொண்டு வந்து ஹோப்னு பேரு வெச்சாங்க. சின்ன வயசுல எழும்பூர்ல ஓடிப்போயி பாத்த மாதிரியே இங்கயும் அம்மா திமிங்கலத்துக்கு கீழ போயி நின்னுட்டாங்க. சயின்ஸ் மியூசியம் அம்மாவுக்கு ஓடல, எனக்கு அப்பல்லோ 10 நிலாவ சுத்திட்டு திரும்பி வந்த கேப்ஸ்யூல் அங்க நெஜமாவே உக்காந்திருக்கறது ஒவ்வொரு தடவையும் புல்லரிக்கும், அடியில கருகி போயிருக்கறத கிட்ட நின்னு பாக்கலாம். அம்மா "இந்த டப்பாக்குள்ள மூணு பேரா"ன்னு கேட்டுட்டு பெஞ்ச தேடி போயிட்டாங்க.

வி அண்ட் ஏல திப்பு சுல்தானோட மரப்புலி. ஒரு வெள்ளக்காரன கீழ போட்டு மேல ஏறி கழுத்துல வாய வெச்சிருக்கு. புலி வயித்துக்குள்ள ஒரு ஆர்கன், பக்கத்துல இருக்கற கைப்பிடிய சுத்துனா அந்த ஆளு முனகறதும் புலி உறுமறதும் கேக்கும், அவன் கை மேலயும் கீழயும் ஆடும். 1799ல சீரங்கப்பட்டணம் விழுந்தப்ப கிழக்கிந்திய கம்பெனிக்காரங்க எடுத்துட்டு வந்து லண்டன்ல அவங்க ஆபீஸ்லயே காட்சிக்கு வெச்சாங்க, வர்றவன் போறவன்லாம் கைப்பிடிய சுத்தி சத்தம் எழுப்பி, பக்கத்துல லைப்ரரில படிச்சுட்டு இருந்தவங்க கடுப்பாயிட்டாங்களாம். இப்ப கண்ணாடிக்குள்ள, தொட முடியாது. இந்த ஓசிங்கற வார்த்தையே கம்பெனி காலத்துல தபால் காசு இல்லாம போற கவர் மேல ஓ.சி.எஸ்.னு (ஆன் கம்பெனி சர்வீஸ், அதாவது கம்பெனி வேலையா போறது) குத்துன முத்திரையிலேர்ந்து வந்ததுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்கல்ல, அத அம்மாகிட்ட சொன்னேன், கம்பெனி எடுத்துட்டு வந்த புலிய கம்பெனி குடுத்த வார்த்தையிலயே பாக்கறோம்னு. அம்மா சிரிக்கல. "அவனும் ஓசிலதான எடுத்துட்டு வந்தான்"னாங்க. அது என் ஜோக்க விட நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்.

பெருசு எல்லாம் எல்லாருக்கும் தெரியும், எனக்கு பிடிச்சது சின்ன ஓசி மியூசியங்கதான். அங்க கூட்டமும் இருக்காது, வாலண்டியரா நிக்கற தாத்தா பாட்டிங்க கேட்டா உக்கார வெச்சு கதை சொல்வாங்க.

சர் ஜான் சோன் மியூசியம்னு லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ்ல ஒரு வீடு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்த கட்டுன ஆர்க்கிடெக்ட். வீடு பூரா சிலை, தூணு, கல்லு, ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் வயித்த உள்ள இழுத்துக்கணும். ஒரு சின்ன ரூம்ல சுவரே கதவு மாதிரி தொறக்கும், படத்துக்கு பின்னாடி படம், அதுக்கு பின்னாடி இன்னும் படம். பேஸ்மெண்ட்ல எகிப்து ராஜா முதலாம் சேத்தியோட கல் சவப்பெட்டி, பிரிட்டிஷ் மியூசியம் வெல ஜாஸ்தின்னு வேணாம்னு சொன்னத இவரு 1824ல 2000 பவுண்டு குடுத்து வாங்கி, மறு வருஷம் மூணு ராத்திரி வீட்ல விளக்கேத்தி விருந்து வெச்சு ஊரக் கூப்பிட்டு காட்டியிருக்காரு.

ஆனா அம்மா உக்காந்து கேட்டது இதுக்கெல்லாம் இல்ல, குடும்ப சண்டைக்கு. சோனுக்கு ஜார்ஜ்னு ஒரு பையன், அப்பா கூட எப்பவும் தகராறு, கடன் வேற. 1815ல பேப்பர்ல பேரு போடாம அப்பாவோட கட்டடங்கள கிழி கிழின்னு கிழிச்சு எழுதிட்டான். யார் எழுதுனதுன்னு தெரிஞ்சதும் அம்மாக்காரி ஒடஞ்சு போயி, அதே வருஷம் நவம்பர்ல இறந்தே போயிட்டாங்க. ஏற்கனவே உடம்பு சரியில்லாதவங்கதான், ஆனா சோன் அத ஏத்துக்கவே இல்ல, நீதான் கொன்னன்னு சொல்லி, அந்த பேப்பர் கட்டிங்க ஃபிரேம் போட்டு, ஜார்ஜ் குடுத்த மரண அடின்னு எழுதி வீட்டுலயே மாட்டி வெச்சாரு. கடைசில 1833ல பார்லிமெண்ட்ல தனி சட்டமே வாங்கிட்டாரு, எனக்கு அப்புறம் இந்த வீடு நாட்டுக்கு, நான் விட்டுட்டு போறப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், ஜனங்க ஓசில வந்து பாக்கணும்னு. பையனுக்கு வீடு போகக்கூடாதுங்கற வேகமும் அதுல ஒரு பங்கு. 1837ல இறந்தாரு, இன்னைக்கும் அந்த சட்டப்படிதான் நம்மள ஓசில விடறாங்க. அம்மா படி ஏறி வெளிய வரும்போது எங்க சொந்தத்துல ஒருத்தர் பேர சொல்லி, அவரும் இப்படித்தான் பண்ணியிருக்கணும், பையன் பேர்ல எழுதி வெச்சுட்டு இப்ப கஷ்டப்படறாருன்னாங்க. பேரெல்லாம் இங்க போட மாட்டேன், சித்தப்பா இந்த ப்ளாக படிக்கறாரு.

அப்புறம் பெட்ரி மியூசியம், யூனிவர்சிட்டி காலேஜ் உள்ள, வெளியிலேர்ந்து பாத்தா ஏதோ ஆபீஸ் மாதிரி இருக்கும். அங்க ஒரு சட்டை இருக்கு. லினன் துணி, கைல சின்ன சின்ன கொசுவம் வெச்சு தெச்சது, வயசு அஞ்சாயிரம் வருஷத்துக்கு மேல. 1913ல எகிப்துல தர்கான்ங்கற இடத்துல பெட்ரிங்கற தொல்பொருள் ஆராய்ச்சியாளரோட ஆளுங்க தோண்டும்போது ஒரு கந்தத்துணி மூட்டையா வந்துருக்கு, யாரும் பிரிச்சு பாக்கல. 1977ல, அறுபது வருஷம் கழிச்சு, சுத்தம் பண்றதுக்கு வி அண்ட் ஏக்கு அனுப்புனப்பதான் கந்தலுக்குள்ள ஒரு முழு சட்டை இருக்குன்னு தெரிஞ்சுது. கார்பன் டேட்டிங்ல உலகத்துலயே ரொம்ப பழைய நெய்த சட்டைங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு வந்துச்சு. முழங்கையிலயும் அக்குள்லயும் மடிப்பு தெரியும், அப்படின்னா யாரோ போட்டு அழுக்காக்கி கழட்டுனது. பொணத்துக்குன்னு தெச்சது இல்ல. அம்மா மூக்கு கண்ணாடி மேல முட்டற அளவுக்கு குனிஞ்சு தையல பாத்தாங்க, அவங்க தையல் கிளாஸ் போனவங்க. மொத்த பயணத்துல அவங்க போட்டோ எடுக்க சொல்லி கேட்டது இந்த சட்டைய மட்டும்தான்.

ஹார்னிமன் மியூசியம் தென் லண்டன்ல, ஓவர்கிரவுண்ட் ட்ரெயின்ல போகணும், அங்க ஒரு வால்ரஸ். வால்ரஸ் தோல்ல சுருக்கம் சுருக்கமா இருக்கும், ஆனா அத பாடம் பண்ணவங்க உயிரோட ஒரு வால்ரஸயும் பாத்தது இல்ல போல, சுருக்கத்த எல்லாம் இழுத்து உள்ள திணி திணின்னு திணிச்சு பலூன் மாதிரி ஆக்கிட்டாங்க. நூறு வருஷத்துக்கு மேல அப்படியே உக்காந்திருக்கு. விருந்துக்கு போயிட்டு வந்த மாப்பிள்ள மாதிரி. இது ஒண்ணுக்காகவே போலாம், ஆனா 2024ல அந்த கேலரிய ரிப்பேருக்கு மூடுனாங்க, தொறந்தாச்சான்னு பாத்துட்டு போங்க.

ஓசின்னா முழு ஓசியான்னு கேட்டா, கொஞ்சம் உஷாரா இருக்கணும். ஸ்பெஷல் எக்ஸிபிஷன்னு தனியா நடக்கறதுக்கு டிக்கெட் உண்டு, அந்த போஸ்டர்தான் வாசல்ல பெருசா இருக்கும், அத பாத்து காசுன்னு நெனச்சு திரும்பி போனவங்கள நான் பாத்திருக்கேன். ஆன்லைன்ல ஓசி டிக்கெட் புக் பண்ணும்போது நடுவுல ஒரு பக்கம் நன்கொடை கேக்கும், வேணாம்னு தாண்டலாம், அது தப்பே இல்ல. கிரீன்விச் போனா மேரிடைம் மியூசியம் ஓசி, மேட்டுமேல இருக்கற அப்சர்வேட்டரி காசு, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஏறிட கூடாது. டிரான்ஸ்போர்ட் மியூசியமும் காசுதான், ஆனா ஒரு தடவ வாங்குன டிக்கெட் ஒரு வருஷம் செல்லும். வெள்ளிக்கிழம சாயங்காலம் பிரிட்டிஷ் மியூசியம் எட்டரை வரைக்கும், நேஷனல் கேலரி ஒம்பது, வி அண்ட் ஏ பத்து மணி வரைக்கும், ஆபீஸ் முடிச்சுட்டு கூட போலாம், அந்த நேரத்துல ரூம் பாதி காலியா இருக்கும். முட்டி வலி இருக்கறவங்க கூச்சப்படாம மடக்கு ஸ்டூல் இருக்கான்னு கேளுங்க, பெரிய இடங்கள்ல இருக்கும், தோள்ல மாட்டிட்டு எங்க வேணாலும் போட்டு உக்காந்துக்கலாம், அம்மா அத தூக்கிட்டு நடந்தது மீன் பிடிக்க போற மாதிரியே இருக்கும். டாய்லெட், தண்ணி, வைஃபை, குளிர்காலத்துல ஹீட்டர், எல்லாம் ஓசி. காச கறக்கறது காபி கடையும் கிஃப்ட் ஷாப்பும், அத தாண்டி நடக்க பழகிக்கணும், சில இடத்துல வெளிய போற வழியே ஷாப் வழியாதான் வெச்சிருப்பாங்க, கெட்டிக்காரனுங்க.

வாசல்ல நன்கொடை பெட்டி இருக்கும், அஞ்சு பவுண்டு போடுங்கன்னு எழுதியிருக்கும். காபிக்கு கணக்கு பாக்கற அம்மா ஒரு இடம் விடாம அதுல மட்டும் ஒரு பவுண்டு காசு போட்டுட்டுதான் வருவாங்க. உண்டியலாம். காசு இல்லாம கார்டு தட்டற மெஷின் மட்டும் இருந்த ஒரு இடத்துல ரொம்ப வருத்தப்பட்டாங்க, "கையால போட்டாதான்டி போட்ட மாதிரி இருக்கும்".

ஊருக்கு கிளம்ப மூணு வாரம் இருக்கும்போது வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் பத்தி சொன்னேன். 2025 மே கடைசில ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பார்க்ல தொறந்தது, மியூசியத்தோட குடோன்தான், லட்சக்கணக்கான பொருள அடுக்கு அடுக்கா ரேக்ல வெச்சிருக்காங்க, ஓசில உள்ள நடக்கலாம். அத விட பெரிய விஷயம், வெப்சைட்ல தேடி, அஞ்சு பொருள் வரைக்கும் நம்ம இஷ்டத்துக்கு ஆர்டர் பண்ணலாம், ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா போதும், எடுத்து மேஜைல வெச்சு நம்ம கண்ணு முன்னாடி காட்டுவாங்க. நீ யாரு, என்ன படிச்சிருக்க, எதுக்கு பாக்கணும்னு கேள்வி இல்ல. அம்மா இத கேட்டதும் எழுந்து லைட்ட போட்டுட்டாங்க. "எத வேணாலுமா?"

ராத்திரி பதினொண்ணரை மணி வரைக்கும் என் லேப்டாப்ப மடில வெச்சு தென்னிந்தியா, மெட்ராஸ், தஞ்சாவூர், சேலைன்னு ஒவ்வொண்ணா தேட சொல்லி, ஒரு நோட்டுல நம்பர எழுதி, அடிச்சு, மறுபடி எழுதி, ஆபீஸ்ல ஆடிட் பண்ண மாதிரி. பழைய சேலை முந்தானை ஒண்ணு, சாயத்துணி ரெண்டு, ஒரு பித்தள விளக்கு, ஒரு ரவிக்க. அஞ்சு ஆச்சும்மா, சப்மிட் பண்ணட்டுமான்னு கேட்டேன்.

"இரு இரு, ஓசிதான? ஆறாவதா ஒண்ணு கேட்டுப்பாரு, என்ன சொல்றான்னு பாப்போம்."